நீவலாமா, கட்டலாமா, நடக்கலாமா?

எலும்பு முறியாமல் சதையிலும் நாரிலும் படும் அடிகளைப் பற்றிக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் கேட்டிருக்கும் கேள்விகளுக்கு எலும்பு மூட்டு மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

கேள்வி: கடற்கரைச் சாலையில் வாக்கிங் போகும்போது நடைபாதை விளிம்பில் கால் மடங்கிவிட்டது. கணுக்காலின் வெளிப்பக்கம் பெரிதாக வீங்கி, மூன்றாம் நாள் விரல் வரை நீலம் பாரித்திருக்கிறது. மாமியார் எண்ணெய் போட்டு நீவச் சொல்கிறார். பக்கத்து வீட்டில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகி, முத்தியால்பேட்டை

முதலில் எக்ஸ்ரேயை முடிவு செய்துவிடுவோம். கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ல் வகுத்த ஒரு சோதனை இருக்கிறது. பல நாடுகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் அதைத்தான் பார்க்கிறார்கள். வீட்டிலேயே செய்யலாம்.

கணுக்காலின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்பு மேட்டைப் பாருங்கள். அதன் கீழ் நுனியில் தொடங்கி, பின்பக்க விளிம்பு வழியாக 6 செ.மீ உயரம் வரை கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். அடுத்து, பாதத்தின் வெளி விளிம்பில் சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவே தட்டுப்படும் மேடு. அதன்பின் பாதத்தின் உள்பக்கம், கணுவுக்குச் சற்று முன்னால் கீழே இருக்கும் மேடு. இந்த இடங்களில் எங்காவது எலும்பின் மேலேயே அழுத்தி வலித்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அடிபட்ட உடனேயும் இப்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலும் எடுக்க வேண்டும். நொண்டிக்கொண்டு வைத்தாலும் அது அடிதான். எதுவும் இல்லையென்றால் எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் குடித்திருப்பவர்களுக்கும் இந்தச் சோதனையை நம்பக் கூடாது.

விரலில் தெரியும் நீலத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கணுவின் வெளிப்பக்கம் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் மூட்டு நார்கள் மூன்று இருக்கின்றன. பாதம் உள்பக்கமாக மடங்கும்போது முன்னால் இருக்கும் நார்தான் பெரும்பாலும் முதலில் கிழியும். அங்கே கசிந்த ரத்தம் தோலுக்கடியில் தாழ்வான பக்கம் இறங்கி விரலுக்கு வந்திருக்கிறது. பச்சையாகி, மஞ்சளாகி, இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும்.

நீவுவதைப் பொறுத்தவரை, முதல் மூன்று நாள் கண்டிப்பாக வேண்டாம். கிழிந்த நாரோடு நுண்ணிய ரத்தக் குழாய்களும் அறுந்து, இப்போதுதான் அடைபட்டிருக்கும். கட்டைவிரலை அழுத்தி இழுத்தால் அவை மறுபடி திறந்து வீக்கம் கூடும். நீவியவுடன் கொஞ்ச நேரம் இதமாக இருப்பது உண்மை. மறுநாள் காலை செருப்பு நுழையாமல் போவதும் உண்மை.

இப்போது செய்ய வேண்டியது கட்டு. பெரியவர்களுக்கு 10 செ.மீ அகல கிரேப் பேண்டேஜ் சரியாக இருக்கும். பாதத்தைத் தொண்ணூறு பாகையில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். விரல்களின் அடியில் இரண்டு சுற்று. பிறகு உள்ளங்காலின் கீழே உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் கொண்டுவந்து மேலே இழுங்கள். மாற்றிச் சுற்றினால் கட்டே பாதத்தை மடங்கிய பக்கம் இழுக்கும். அங்கிருந்து கணுவின் முன்பக்கம் குறுக்கே போய், பின்னால் சுற்றி, மறுபடி பாதத்துக்கடியில் என எட்டு வடிவில் போகட்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தையதைப் பாதி மூட வேண்டும். விரல் பக்கம் கொஞ்சம் இறுக்கமாக, மேலே போகப் போகத் தளர்வாக, கணுவுக்கு நான்கு விரற்கடை மேலே முடியுங்கள். கட்டியதும் பெருவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். விரல் மரத்தாலோ குளிர்ந்தாலோ உடனே அவிழ்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். தூங்கும்போது கட்டு வேண்டாம். படுக்கும்போது தலையணை வைத்துக் காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள்.

காலை அப்படியே போட்டு வைப்பதும் தவறு. புதிதாக உருவாகும் நார் இழைகள் முதலில் தாறுமாறாகத்தான் பின்னும். அளவான அசைவும் பாரமும் கிடைத்தால்தான் அவை இழுவிசைக்குத் தோதாக வரிசைப்படும். அதனால் மூன்றாம் நாளிலிருந்து பாதத்தைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, பெருவிரலால் காற்றில் ‘அ’ முதல் ‘ஔ’ வரை எழுதுங்கள். பன்னிரண்டு எழுத்தும் ஒரு சுற்று, ஒரு நாளைக்கு நான்கைந்து சுற்று. ‘இ’யும் ‘ஐ’யும் கணுவை எல்லாப் பக்கமும் திருப்பிவிடும். நடையை வலி தாங்கும் அளவுக்குக் கூட்டுங்கள்.

ஒரு வாரம் போனதும் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் உயர்த்தி இறக்குங்கள், 10 முறை வீதம் மூன்று தடவை. அது லேசானதும் ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்பது, பிறகு கண்ணை மூடிக்கொண்டு நிற்பது. இந்த ஒற்றைக்கால் பயிற்சியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு நுனிகள் நாரில்தான் இருக்கின்றன. அவற்றைப் பழக்காமல் விட்டால் அதே கால் மறுபடி மறுபடி மடங்கும். வலி போய்விட்டதே என்று நிறுத்தாமல் ஆறு வாரமாவது செய்யுங்கள்.

லேசான சுளுக்கு ஒன்று முதல் மூன்று வாரம், நார் பாதி கிழிந்தது மூன்று முதல் ஆறு வாரம், முழுக்க அறுந்தது மூன்று மாதம் வரை ஆகலாம். சாயங்காலத்தில் லேசாக வீங்குவது அதற்குப் பிறகும் சில வாரம் இருக்கும். ஆறு வாரம் கழித்தும் உள்ளே குத்தினாலோ மூட்டு சிக்கினாலோ குருத்தெலும்பில் அடி இருக்கக்கூடும், காட்டுங்கள்.

கேள்வி: ஐஸ் வைப்பதா, வெந்நீர் ஒத்தடமா? எங்கள் வீட்டில் மூசாம்பரப் பற்றுதான் (கற்றாழைச் சாறு காய்ந்த கட்டியைக் கரைத்து) போடுவோம்.
— வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

ஐஸ் வலியை மந்தப்படுத்தும், அவ்வளவுதான். காயத்தை ஆற்றாது. ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து 1978-ல் பிரபலமாக்கிய அமெரிக்க மருத்துவரே, பல ஆண்டுகள் கழித்து, அதிக ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். ரத்தமும் அதில் வரும் அணுக்களும்தான் பழுது பார்க்கின்றன. அவற்றை முழுக்கத் தடுத்து லாபம் இல்லை. வலி தாங்க முடியவில்லை என்றால் முதல் இரண்டு நாள், ஈரத்துணியில் சுற்றிய ஐஸை 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். வெறும் தோலில் நேரடியாக வைத்தால் தோல் வெந்த மாதிரி ஆகிவிடும்.

சூட்டுக்கு இடம் மூன்று நான்கு நாள் கழித்து, வீக்கம் வடிந்து விறைப்பு மட்டும் மிஞ்சியிருக்கும்போது. வலித் தைலம் தடவிய இடத்தில் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள், தோல் கொப்பளித்துவிடும். பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகள் ஐஸ், வெந்நீர் இரண்டையும் தவிர்க்க வேண்டும்.

மூசாம்பரப் பற்று தோல் கிழியாத இடத்தில் கெடுதல் செய்வதில்லை. சூடாகப் போடாதீர்கள். சுண்ணாம்பு சேர்ந்த பற்று சிலருக்குத் தோலை அரித்துவிடும். இன்னொன்று: மருத்துவரிடம் வரும்போது கழுவிவிட்டு வாருங்கள். காய்ந்து இறுகிய பற்றுக்கு அடியில் தோலின் நிறம் தெரியாது, எலும்பைத் தொட்டுப் பார்க்கவும் முடியாது.

கேள்வி: அப்பா வலையிலிருந்து மீன் பிரிக்கும்போது கெளுத்தி முள் கையில் ஏறிவிட்டது. வலி முழங்கை வரை போனது. ஐஸ் பெட்டியில் கையை விட்டும் குறையவில்லை. சித்தப்பாவுக்குப் போன வருஷம் திருக்கை வால் காலில் குத்தியது. இதற்கு முதலுதவி என்ன?
— வாசகர், தேவனாம்பட்டினம்

சுளுக்குக்குச் சொன்னதற்கு நேர் எதிர். இங்கே சூடுதான் மருந்து. கடல் கெளுத்தியின் முதுகு முள்ளிலும் பக்க முட்களிலும் திருக்கை வால் முள்ளிலும் நஞ்சு இருக்கிறது. அது புரதம், சூட்டில் கெட்டுவிடும். ஐஸ் அதை ஒன்றும் செய்யாது.

காயத்தைச் சுத்தமான நீரில் கழுவிவிட்டு, குத்துப்பட்ட கை அல்லது காலைத் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் முக்குங்கள். 45 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. தெர்மாமீட்டர் இல்லையென்றால் அடிபடாத கையைவிட்டு, முடிந்தால் இன்னொருவர் கையையும் விட்டு, சூட்டைப் பாருங்கள். குத்துப்பட்ட கை வலியில் சூட்டைச் சரியாக உணராது. வெந்துபோன கையோடு வருபவர்கள் இப்படித்தான் வருகிறார்கள். 30 முதல் 90 நிமிடம் வரை, ஆற ஆற வெந்நீர் சேருங்கள். சேர்க்கும்போது கையை வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். டீ போட அடுப்பு இருக்கும் போட்டில் கரைக்கு வரும் வழியிலேயே இதைத் தொடங்கிவிடலாம்.

மேலாகத் தெரியும் முள்ளை எடுக்கலாம். கழுத்து, நெஞ்சு, வயிறு, தொடை இடுக்கு ஆகிய இடங்களில் ஆழமாக ஏறியிருந்தால் பிடுங்காதீர்கள். அது ரத்தக் குழாயை அடைத்துக்கொண்டு நிற்கலாம். அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம்.

வலி போனாலும் மருத்துவரைப் பாருங்கள். இந்த முட்களுக்கு ரம்பம் போன்ற பல் உண்டு, நுனி உடைந்து உள்ளே தங்கிவிடும். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியும். ஆழமான குத்துக் காயத்தை உடனே தையல் போட்டு மூடக் கூடாது. கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் ஒன்று போட வேண்டும். கடல்நீரில் இருக்கும் ஒருவகைக் கிருமி, கல்லீரல் கெட்டவர்களையும் சர்க்கரை நோயாளிகளையும் ஒரே நாளில் சாய்த்துவிடும். சிவப்பு மேலே பரவுவது, நீலக் கொப்புளம், காய்ச்சல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவென்று பார்க்காமல் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ போய்விடுங்கள்.

கேள்வி: கபடி ஆடுகிறேன். ரெய்டு போய்த் திரும்பும்போது தொடையின் பின்பக்கம் சுரீர் என்று பிடித்தது. பத்து நாள் ஓய்வெடுத்து ஆடினேன், அதே இடம் மறுபடி பிடித்துவிட்டது. எங்கள் அணியில் இன்னொரு பையனுக்குத் தொடை முன்பக்கம் முட்டி இடித்து வீங்கி, ஒரு மாதமாகியும் காலை மடக்க முடியவில்லை.
— வாசகர், மஞ்சக்குப்பம்

இரண்டும் வேறு வேறு காயம். உங்களுடையது தசை இழை கிழிந்தது. வெறும் பிடிப்பென்றால் சில நிமிடத்தில் விட்டிருக்கும். அந்தப் பையனுடையது தசை நசுங்கியது.

உங்களுக்கு ஏன் திரும்ப வந்தது என்றால், ஓய்வு வலியை மட்டும்தான் போக்கியது. கிழிந்த இடத்தில் பத்து நாளில் வருவது இளம் தழும்பு. நடைக்குப் போதும். முழு வேகத்தில் ஓடும்போது கால் முன்னே வீசி நீளும், அந்த நேரத்தில் பின்தொடை தசை நீண்டுகொண்டே பிரேக் போட வேண்டும். அந்தப் பாரத்தை இளம் தழும்பு தாங்காது. முதல் வாரத்தில் இழுத்து இழுத்து ஸ்ட்ரெச் செய்வதும் இதே காரணத்தால் கெடுதல்.

திரும்ப ஆடலாமா என்று நாள் கணக்குப் பார்க்காமல் இப்படிப் பாருங்கள். மல்லாந்து படுத்து முட்டியை மடக்காமல் காலை உயர்த்தும்போது இரண்டு காலும் ஒரே உயரம் போக வேண்டும். கிழிந்த இடத்தை அழுத்தினால் வலிக்கக் கூடாது. குப்புறப் படுத்து முட்டியை மடக்கும்போது இன்னொருவர் குதிகாலைப் பிடித்துத் தடுத்தால், இரண்டு காலும் சம பலத்தில் எதிர்க்க வேண்டும். அதன்பின் பாதி வேகம், முக்கால் வேகம், முழு வேகம், சட்டென்று திரும்புதல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி நாளில் வலியில்லாமல் முடித்த பிறகுதான் களம்.

அதோடு ஒரு பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மண்டியிட்டு நிற்க, கூட்டாளி உங்கள் கணுக்கால் இரண்டையும் தரையோடு அழுத்திப் பிடிக்கட்டும். முட்டியிலிருந்து தலை வரை ஒரே கோடாக வைத்து, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முன்னால் சாயுங்கள். தாங்க முடியாத இடத்தில் கைகளை ஊன்றி, கையால் தள்ளியே எழுந்திருங்கள். இடுப்பை மடக்கினால் பயன் போய்விடும். முதல் வாரம் ஒரே நாள், 5 முறை வீதம் இரண்டு தடவை. அடுத்த வாரம் இரண்டு நாள், 6 முறை வீதம். படிப்படியாகக் கூட்டி ஐந்தாம் வாரத்தில் வாரம் மூன்று நாள், 8 முதல் 12 முறை வீதம் மூன்று தடவை வரை போகலாம். முதல் வாரத்தில் தசை கனக்க வலிக்கும், அது சகஜம். இதைத் தொடர்ந்து செய்த அணிகளில் பின்தொடைக் காயம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருக்கிறது. காயம் ஆறிய பிறகு தொடங்குங்கள்.

அந்தப் பையனை உடனே எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். நசுங்கிய தசைக்குள் தேங்கிய ரத்தம் சில சமயம் எலும்பாக மாறிவிடும். புதிய காயத்தை அழுத்தித் தேய்த்ததும் சூடு வைத்ததும் வலுக்கட்டாயமாகக் காலை மடக்கியதும் அதைத் தூண்டும். மூன்று நான்கு வாரத்தில்தான் எக்ஸ்ரேயில் தெரிய ஆரம்பிக்கும். அப்படியிருந்தால் மசாஜ் அடியோடு நிறுத்தி, வலிக்காத எல்லைக்குள் தானே மடக்கி நீட்டினால் போதும். பெரும்பாலும் மாதக் கணக்கில் தானாகச் சுருங்கும். இனி யாருக்காவது தொடையில் இடிபட்டால், முதல் நாளிலேயே முட்டியை வலி தாங்கும் வரை மடக்கி, அந்த நிலையில் சுற்றிக் கட்டி வையுங்கள். தசை நீண்ட நிலையில் இருந்தால் உள்ளே ரத்தம் தேங்க இடம் குறையும், பிறகு மடக்குவதும் சுலபம்.

கேள்வி: ஆறு வயதுப் பேரன் கொய்யா மரத்திலிருந்து விழுந்து முழங்கை வீங்கியிருக்கிறது. எலும்பு முறிந்த மாதிரி தெரியவில்லை, சுளுக்குதான் என்று கட்டுப் போடுபவரிடம் அழைத்துப் போகச் சொல்கிறார்கள். போகலாமா?
— வாசகி, பாகூர்

போகாதீர்கள் அம்மா. குழந்தைகளுக்கு மூட்டு நாரைவிட, எலும்பு நீண்டு வளரும் முனைப் பகுதியான வளர்ச்சித் தட்டு பலவீனமானது. பெரியவருக்கு நார் கிழியும் விழுகையில் குழந்தைக்கு எலும்பு விட்டுப்போகும். கையை ஊன்றி விழுந்து முழங்கை வீங்கினால் அது முறிவு என்று எடுத்துக்கொண்டு, எக்ஸ்ரே பார்த்த பிறகே இல்லை என்று சொல்ல வேண்டும். உங்கள் பேரனின் வயதில் முழங்கைக்குச் சற்று மேலே முறிவது மிகச் சகஜம். அதன் அருகிலேயே கைக்கு ரத்தம் போகும் பெரிய குழாயும் நரம்பும் ஓடுகின்றன.

வீங்கும் கையை எண்ணெய் போட்டு நீவி, மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டினால் உள்ளே அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்றுவிடும். சுமார் ஆறு மணி நேரம் அப்படிப் போனால் முன்கைத் தசை செத்து, விரல்கள் மடங்கியபடியே இறுகிவிடும். அப்புறம் எந்த அறுவை சிகிச்சையும் அதைப் பழையபடி ஆக்காது. ஏற்கெனவே கட்டுப் போட்டிருந்தால் இதைப் பாருங்கள்: பிள்ளையின் விரலை மெல்ல நீட்டிவிடும்போது அலறுகிறானா, மாத்திரை கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போகிறதா, விரல் வெளிறியோ மரத்தோ இருக்கிறதா? ஒன்று இருந்தாலும் கட்டை அங்கேயே முழுக்க வெட்டி எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

இப்போதைக்குக் கை எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில் ஒரு துப்பட்டாவால் தூளி போலக் கழுத்தில் தாங்கிவிடுங்கள். நேராக்க வேண்டாம். சாப்பிடவும் குடிக்கவும் ஒன்றும் தராதீர்கள், மயக்க மருந்து தேவைப்படலாம்.

கேள்வி: பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை. வலது கட்டைவிரல் அடியில், மணிக்கட்டுப் பக்கம் வலி. பாத்திரத்தைத் தூக்கினால் நழுவுகிறது. மெடிக்கலில் மணிக்கட்டு பெல்ட் வாங்கிப் போட்டேன், பலனில்லை.
— வாசகி, பண்ருட்டி

கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி மடக்குங்கள். அப்படியே மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாயுங்கள். கட்டைவிரல் அடியில் மின்னல் மாதிரி வெட்டினால், கட்டைவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறுகள்) ஒரு குறுகிய உறைக்குள் உராய்ந்து தடித்திருக்கின்றன என்று பொருள். நாள் முழுக்க ஒரே பிடியில் நெம்புகோலை அழுத்துவதும், பருப்பை நெம்பி எடுப்பதும் அதற்குப் போதுமான காரணம். கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மார்களுக்கும் இதே தொந்தரவு வருகிறது.

நீங்கள் வாங்கிய பெல்ட் மணிக்கட்டை மட்டும் பிடித்திருக்கும், கட்டைவிரல் ஆடிக்கொண்டே இருந்திருக்கும். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பிளின்ட் கேளுங்கள். கட்டைவிரல் நுனி மட்டும் அசைய வேண்டும். நான்கு முதல் ஆறு வாரம், குளிக்கும் நேரம் தவிரப் போட வேண்டும். வேலையை விட முடியாது என்று தெரியும். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை உடைப்பதையும் தோல் உரிப்பதையும் தரம் பிரிப்பதையும் மாற்றி மாற்றிச் செய்ய மேஸ்திரியிடம் கேட்டுப் பாருங்கள். பிடி மெல்லியதாக இருந்தால் சைக்கிள் டியூப் சுற்றித் தடிமனாக்குங்கள். தடித்த பிடியை இறுக்க விரலுக்கு வேலை குறைவு.

அதிலும் குறையவில்லை என்றால் உறைக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி பெரும்பாலானவர்களுக்குக் கேட்கும். சர்க்கரை இருந்தால் சொல்லிவிடுங்கள், ஊசிக்குப் பிறகு சில நாள் ஏறும். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுக்கலாம். ஊசிக்கும் கேட்காதவர்களுக்கு உறையைத் திறந்துவிடும் சிறிய அறுவை சிகிச்சை இருக்கிறது.

கேள்வி: வயது 46. ஷட்டில் ஆடும்போது பின்னங்காலில் யாரோ உதைத்த மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. நடக்க முடிகிறது, ஆனால் குதிகாலைத் தூக்க முடியவில்லை. கெண்டைக்கால் பிடிப்பு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள்.
— வாசகர், லாஸ்பேட்டை

இதைப் படித்தவுடன் செய்யுங்கள். கட்டிலில் குப்புறப் படுத்து இரண்டு பாதமும் விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். வீட்டில் யாராவது கெண்டைக்கால் சதையை இரண்டு பக்கமும் பிடித்துப் பிசையட்டும். நல்ல காலில் பாதம் தானாகக் கீழ்நோக்கி அசையும். அடிபட்ட காலில் அசையவில்லை என்றால் குதிகால் தசைநாண் அறுந்துவிட்டது. குதிகால் எலும்புக்கு 2 முதல் 6 செ.மீ மேலே விரலை ஓட்டினால் பள்ளம் தட்டுப்படும், வீங்கியிருந்தால் தெரியாமலும் போகலாம். நடக்க முடிவதால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பாதத்தைக் கீழே அழுத்த வேறு சிறு தசைகளும் இருக்கின்றன.

இன்றே எலும்பு மருத்துவரிடம் போங்கள். அதுவரை விரல் நுனி கீழே பார்க்கும்படி பாதத்தை வைத்திருங்கள், அந்தக் காலில் பாரம் வேண்டாம். முதல் இரண்டு வாரத்துக்குள் பிடித்துவிட்டால் குதிகால் உயர்த்திய பூட்ஸ் கட்டு, அறுவை சிகிச்சை இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கலாம். தாமதமானால் அறுந்த நுனிகள் விலகி, இடைவெளியில் தழும்பு நிரம்பிவிடும், பிறகு வேலை பெரிது. கடந்த சில வாரத்தில் சிப்ரோஃபிளாக்சசின், லீவோஃபிளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக்கோ ஸ்டீராய்டு மாத்திரையோ எடுத்தீர்களா என்பதையும் சொல்லுங்கள். அவை தசைநாணைப் பலவீனப்படுத்தும்.

கேள்வி: அடிபட்டால் மெடிக்கலில் ‘செட்’ மாத்திரை வாங்கிப் போடுகிறோம். எவ்வளவு நாள் போடலாம்?
— வாசகர், அரியாங்குப்பம்

உறையில்லாமல் பிரித்துத் தரும் செட் மாத்திரையை வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, பிறகு பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. ஸ்டீராய்டு கலந்திருக்கவும் கூடும்.

சாதாரண அடிக்கு முதலில் பாராசிட்டமால். பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. தினமும் குடிப்பவர்களும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம். அது போதாவிட்டால் இபுப்ரோஃபென் 400 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு, மூன்று முதல் ஐந்து நாள் மட்டும். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், இதய நோய், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து, கர்ப்பம் இவை இருந்தால் அதுவும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தும் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ச்சலோடு உடம்பு முறிந்தாற்போல வலித்தால் டெங்குவாக இருக்கலாம். அப்போது பாராசிட்டமால் மட்டும்தான், இபுப்ரோஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் ரத்தக் கசிவைக் கூட்டும். வீக்கம் வடிய என்று தரும் என்சைம் மாத்திரைகளுக்குச் சொல்லும்படியான ஆதாரம் இல்லை, அந்தக் காசுக்கு ஒரு நல்ல கிரேப் பேண்டேஜ் வாங்கலாம்.

இடுப்பில் டைக்ளோஃபெனாக் ஊசி போட்டு உடனே காலில் ஷாக் அடித்த மாதிரி இறங்கினாலோ பாதம் தொங்கினாலோ நரம்பில் பட்டிருக்கலாம். போட்ட மருந்தின் குப்பியையோ மாத்திரை அட்டையையோ கையில் எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.